முதல் பேட்ச் சேரும்வரை: ஓய்வு நேரத்தில் திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க ஒரு வழிகாட்டி

என் பிழைப்பு கணக்கெழுதுவது. நிரல் எழுதுவது ராத்திரி ஒன்பது மணிக்குமேல் கிடைக்கிற ஒரு மணி நேரத்தின் ஆசை. நான் தினமும் திறக்கிற ஒரு திறமூலக் கணக்கு மென்பொருளில் (யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் மென்பொருள்) ஒரு வழு, அதாவது நிரல்பிழை, இருந்தது. பரிவர்த்தனைகளை, காற்புள்ளியால் கட்டங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது, குறிப்புப் பத்தியில் ஒரு காற்புள்ளி இருந்தால் போதும், அந்த வரி முழுக்க ஒரு கட்டம் தள்ளிப்போய்விடும். தொகை இருக்கவேண்டிய இடத்தில் பாதிக் குறிப்பு உட்கார்ந்திருக்கும். அதைச் சரிசெய்ய 3 வரி நிரல், அதாவது ஒரு சிறு ‘பேட்ச்’, போதும். அந்த 3 வரி மென்பொருளுக்குள் போய்ச் சேர எனக்கு 11 மாதம் ஆனது.

நிரலுக்குச் செலவானது ஒரே ஒரு மாலை. மீதியெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயங்களில் போனது. தவறான இடத்தில் தொடங்கினேன், கேட்காமல் எழுதினேன், ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாமல் 6 வாரம் நின்றேன். உங்களுக்கு அது நேரக்கூடாது. அதனால் நான் இப்போது பின்பற்றும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். சம்பளம் எதிர்பார்க்காமல், பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் வர நினைப்பவர்களுக்காக எழுதியது இது.

1. தினமும் பயன்படுத்தும் மென்பொருளிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்களுக்கு ஏற்ற திட்டங்கள் என்று பட்டியல் தேடியே நான் 2 மாதம் போக்கினேன். நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவருக்கு ஏற்ற வேலை) என்ற முத்திரையைத் தேடினால் வந்து குவியும். பிரபலமான திட்டமாக இருந்தால், முத்திரை விழுந்த அன்றைக்கே நாலைந்து பேர் “இதை எனக்குக் கொடுங்கள்” என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இடம் பிடித்தாலும், கிடைப்பது நீங்கள் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திராத மென்பொருளின் வேலையாக இருக்கும். வழு உண்மையிலேயே தீர்ந்ததா என்று உங்களால் உணர முடியாது. தினமும் கையில் இருக்கும் மென்பொருள் என்றால், எது இடறுகிறது, சரியானால் எப்படி இருக்கவேண்டும் என்பது ஏற்கெனவே தெரியும். எந்தப் பட்டியலும் தராத மூலதனம் அது.

பெரிய திட்டங்களை நீங்கள் பயன்படுத்துபவர் என்றால், அவற்றுக்கென்றே தனி நுழைவாயில்கள் உண்டு. லிப்ரே ஆபீஸ் ‘ஈஸி ஹேக்ஸ்’ என்றும், ஜாங்கோ ‘ஈஸி பிக்கிங்ஸ்’ என்றும், க்னோம் ‘நியூகமர்ஸ்’ என்றும் சிறு வேலைகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்ததும், அதில் உயிர் இருக்கிறதா என்று 10 நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

வெளியாட்கள் அனுப்பிய கடைசி 10 புல் ரிக்வெஸ்ட்டுகளை, அதாவது தங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கைகளை, திறங்கள். முதல் பதில் வர எத்தனை நாள் ஆனது? எத்தனை சேர்க்கப்பட்டன? பதிலின் தொனி எப்படி? ஒரு வருடமாகப் பதிலே இல்லாமல் 40 கோரிக்கைகள் கிடந்தால், உங்களுடையது 41-ஆவதாகக் கிடக்கும். அடுத்து, உரிமக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூலநிரலை யாரும் படிக்கலாம் என்பதால் மட்டும் ஒன்று திறமூலம் ஆகிவிடாது. உரிமம் இல்லாத களஞ்சியத்தில் (ஒரு திட்டத்தின் நிரல் கோப்புகள் இருக்கும் இடம்) எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. கடைசியாக, பங்களிப்பாளர்களுக்கான கோப்பு. பெரும்பாலும் ‘கான்ட்ரிபியூட்டிங்’ என்ற பெயரில், திட்டத்தை அறிமுகம் செய்யும் ‘ரீட்மி’ கோப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். நான் படிக்காமல் விட்ட அந்தக் கோப்பின் மூன்றாவது பத்தியில்தான், பின்னால் என்னை 6 வாரம் நிறுத்திய விஷயம் எழுதியிருந்தது.

2. நிரல் எழுதும் முன் ஒரு மாதம் வேறு வேலை செய்யுங்கள்

இது என் சொந்தக் கருத்து. எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் எந்தத் திட்டத்துக்கும் இனி இந்த வாசல் வழியாகத்தான் நுழைவேன். பழைய வழு அறிக்கைகளைத் திறந்து, இப்போதைய பதிப்பில் அந்த வழு இன்னும் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லுங்கள். “இத்தனாவது பதிப்பில், இந்த இயங்குதளத்தில், இந்த நாலு படிகளைச் செய்தேன்; வழு இன்னும் வருகிறது” என்று எழுத 20 நிமிடம் ஆகும். மாற்றங்களை ஏற்கும் பொறுப்பில் உள்ள பராமரிப்பாளருக்கு அது அரைநாள் மிச்சம். வழு தீர்ந்துவிட்டிருந்தால் இன்னும் நல்லது: அவர் அந்த அறிக்கையை மூடிவிடலாம். இப்படி ஏழெட்டு செய்த பிறகு உங்கள் பெயர் அவர்களுக்குப் பழகிவிடும். நீங்களும் மென்பொருளின் எந்த மூலை பலவீனமானது என்று கற்றிருப்பீர்கள்.

புதிதாக ஒரு வழுவை அறிவிக்கிறீர்கள் என்றால், முதலில் அதே வழுவை வேறு யாரும் அறிவித்திருக்கிறார்களா என்று மூடப்பட்ட அறிக்கைகளையும் சேர்த்துத் தேடுங்கள். பிறகு சிக்கலை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குங்கள். என் கணக்குக் கோப்பில் 3,000 பரிவர்த்தனைகள் இருந்தன. வழுவைக் காட்ட ஒரே ஒரு பரிவர்த்தனையும் அதில் ஒரு காற்புள்ளியும் போதும் என்று கண்டுபிடித்ததுதான் பாதித் தீர்வு. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கண்டது பாதுகாப்பு ஓட்டையாக இருந்தால் பொதுவில் எழுதாதீர்கள். ‘செக்யூரிட்டி’ என்ற கோப்பில் தனியாகத் தெரிவிக்கும் வழி கொடுத்திருப்பார்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களிடம் இன்னொரு சொத்து இருக்கிறது. பல மென்பொருள்கள் ஓர் எழுத்து என்றால் ஒரு குறியெண் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் முறையான யூனிகோடில் அதை ககரமும் ஒகரக் குறியுமாக 2 குறியெண்களில் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து 3 குறியெண்களிலும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. தேடல், அகரவரிசை, கர்சர் நகர்வு, எழுத்தெண்ணிக்கை, வரி மடிப்பு என்று நாலைந்து இடங்களில் தமிழை இட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று உடையும். ஆங்கிலம் மட்டுமே தட்டச்சு செய்பவர் கண்ணில் அந்த வழு படவே படாது.

மொழிபெயர்ப்பும் இதே வகைதான். மீடியாவிக்கிக்கு டிரான்ஸ்லேட்விக்கி, மொசில்லாவுக்கு பொன்டூன், லிப்ரே ஆபீஸுக்கு வெப்லேட் என்று உலாவியிலேயே மொழிபெயர்க்கும் தளங்கள் இருக்கின்றன. கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். வெளியீட்டுக்கு முன் ‘ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்’ என்று ஒரு காலம் வரும். அதற்குப் பிறகு மூலச் சொற்கள் மாறாது. மொழிபெயர்ப்புக்கு உட்கார அதுவே நல்ல நேரம். முன்னாலேயே செய்தால் சில வரிகள் மாறி, மறுபடி செய்யவேண்டி வரலாம்.

3. காகிதங்களை முதலிலேயே பாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நான் மாட்டிக்கொண்டதே இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் நிரலை ஒரு திட்டம் ஏற்கவேண்டும் என்றால், அதை அந்த உரிமத்தின்கீழ் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது என்று அவர்களுக்கு உறுதி வேண்டும். நடைமுறையில் நாலு விதம் பார்ப்பீர்கள்.

முதல் வகையில் எந்தக் காகிதமும் கிடையாது. சிறு திட்டங்கள் பலவும் இப்படித்தான். நீங்கள் அனுப்பும் மாற்றம் திட்டத்தின் உரிமத்திலேயே வருவதாக எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, நிரலைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று சொல்லும், டிசிஓ எனப்படும் உறுதிமொழி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலும், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டும் இதைத்தான் கேட்கின்றன. கையெழுத்தோ படிவமோ கிடையாது. ஒவ்வொரு கமிட் (மாற்றத்தைக் குறிப்போடு பதிவுசெய்வது) செய்தியின் கடைசியிலும் ‘சைன்டு ஆஃப் பை’ என்று உங்கள் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒரு வரி இருக்கவேண்டும். கமிட் கட்டளையோடு ‘எஸ்’ என்ற தெரிவைச் சேர்த்தால் கிட் தானே போட்டுவிடும். செலவு சுழியம், நேரம் ஒரு நொடி. மறந்துவிட்டால் தானியங்கிச் சோதனை சிவப்பு காட்டும். பயப்படவேண்டாம், கமிட்டைத் திருத்தி மறுபடி அனுப்பலாம்.

மூன்றாவது சிஎல்ஏ என்னும் பங்களிப்பாளர் ஒப்பந்தம். பைத்தான், அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்கள், கூகுள் நடத்தும் திட்டங்கள் ஆகியவை கேட்கும். பல இடங்களில் இது இணையத்திலேயே முடிந்துவிடும். கட்டணம் கிடையாது. ஒருமுறை போட்டால் அந்த அமைப்பின் மற்றத் திட்டங்களுக்கும் பெரும்பாலும் செல்லும். ஆனால் கையெழுத்திடும் முன் படியுங்கள். பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறதா, பிற்காலத்தில் வேறு உரிமத்தின்கீழ் வெளியிட அவர்களுக்கு அனுமதி கொடுக்கிறீர்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதற்குள் இருக்கும். அது உங்களுக்குச் சம்மதமா என்பது உங்கள் முடிவு. சம்மதமில்லை என்றால் வேறு திட்டத்தைத் தேடுவதில் எந்தத் தவறும் இல்லை.

நான்காவது, பதிப்புரிமையையே எழுதிக்கொடுப்பது. ஈமேக்ஸ் போன்ற சில க்னூ மென்பொருள்கள் இதைக் கேட்கின்றன. ஏறத்தாழ 15 வரிக்குள் அடங்கும் சிறு மாற்றத்துக்குத் தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. அதற்குமேல் எழுத உத்தேசித்தால், நிரலைத் தொடங்கும் நாளிலேயே காகிதத்தையும் தொடங்குங்கள். முடிய வாரக்கணக்கில் ஆகலாம்.

இனி என் கதை. நான் கையெழுத்திடவேண்டிய ஒப்பந்தத்தில், “உங்கள் வேலையளிப்பவருக்கு இந்த நிரலில் உரிமை இல்லை” என்று உறுதி கூறும் வாசகம் இருந்தது. என் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பணிக்காலத்தில் நான் உருவாக்கும் “எல்லாப் படைப்புகளும்” நிறுவனத்துக்குச் சொந்தம் என்று எழுதியிருந்தது. கணக்கெழுதும் வேலைக்கு எதற்கு அந்த வரி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பழைய மாதிரிப் படிவத்திலிருந்து அப்படியே வந்திருக்கும். போதாக்குறைக்கு, நான் கமிட் செய்திருந்தது அலுவலக மடிக்கணினியில், அலுவலக மின்னஞ்சலில். பணியாளர் பிரிவுக்கு எழுதி, என் வேலைக்குத் தொடர்பில்லாத, சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில் எழுதும் நிரலில் நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று ஒரு பக்கக் கடிதம் வாங்க 6 வாரம் ஆனது. யாரும் மறுக்கவில்லை, யார் கையெழுத்துப் போடுவது என்று முடிவாகத்தான் அவ்வளவு காலம்.

ஆகவே: அலுவலகக் கணினி வேண்டாம், அலுவலக மின்னஞ்சல் வேண்டாம், அலுவலக நேரம் வேண்டாம். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து பற்றிய பத்தியை இன்றைக்கே படியுங்கள். சந்தேகம் இருந்தால், எந்தத் திட்டமும் கேட்கும் முன்பே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் மாணவர்கள் தங்கள் கல்வி நிறுவனத்தின் விதியையும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் கையெழுத்து தேவையா என்பதையும் பார்க்கவேண்டும்.

4. கணக்கு, மின்னஞ்சல், சாவி

கிட்ஹப், கிட்லேப், கோட்பர்க் மூன்றிலும் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். உங்கள் திட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள்.

மின்னஞ்சலில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் பதிகின்றன. மாற்றம் மெர்ஜ் ஆனபின், அதாவது திட்டத்தில் சேர்ந்தபின், அது உலகமெங்கும் உள்ள பிரதிகளில் நிரந்தரமாக நின்றுவிடும். பின்னால் அழிக்க வழியில்லை. அதனால் இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது கிட்ஹப்பின் அமைப்புகளில் மின்னஞ்சலை மறைக்கும் தெரிவைப் போட்டு, அது தரும் மாற்றுமுகவரியைப் பயன்படுத்துங்கள். கணினியில் உள்ள கிட் அமைப்பிலும் அதே முகவரியைப் போட மறக்காதீர்கள். இரண்டும் வேறாக இருந்தால் கமிட் உங்கள் கணக்கோடு இணையாது.

நிரல் பங்களிப்பவர்கள் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருக்கவேண்டும் என்று 2023 முதல் கிட்ஹப் கட்டாயமாக்கி வருகிறது. அமைக்கும்போது தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அந்தத் தாள்தான் கணக்கைத் திருப்பித் தரும். இன்னொன்று: கடவுச்சொல்லைத் தட்டி புஷ் செய்யும் (மாற்றங்களைத் தளத்துக்கு ஏற்றும்) முறையை 2021 ஆகஸ்ட் 13-இல் கிட்ஹப் நிறுத்திவிட்டது. பழைய பாடங்களைப் பார்த்துச் செய்பவர்கள் சரியான கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் சாவி ஒன்றை உருவாக்கி, அதன் பொதுப் பகுதியை மட்டும் கணக்கில் சேர்த்தால் தீர்ந்தது.

5. ஒரு வரிகூட மாற்றாமல் கட்டிப் பாருங்கள்

களஞ்சியத்தை ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் பிரதி எடுத்து), குளோன் செய்து (கணினிக்கு இறக்கி), பில்ட் செய்து (ஓடும் மென்பொருளாகக் கட்டி), டெஸ்ட்டுகள் எனப்படும் தானியங்கிச் சோதனைகள் எல்லாவற்றையும் ஓட்டுங்கள். எதையும் மாற்றாத நிலையிலேயே எந்த டெஸ்ட் தோற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல், முன்பிருந்தே தோற்றுக்கொண்டிருந்த ஒரு டெஸ்ட்டை என் தவறு என்று நினைத்து இரண்டு இரவு தேடினேன்.

செலவு என்று ஏதாவது இருந்தால் அது இந்தப் படியில்தான்: வட்டு இடம், தரவிறக்கம், நேரம். ஒரு நடுத்தர மென்பொருளுக்குச் சில ஜிபி போதும். குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் போன்றவற்றுக்கு 100 ஜிபி காலி இடம் வேண்டும். பழைய மடிக்கணினியில் முதல் பில்ட் ஒரு நாளையே எடுத்துக்கொள்ளும். வரலாறு நீண்ட களஞ்சியமாக இருந்தால், குளோன் செய்யும்போது ‘டெப்த்’ தெரிவை 1 என்று வைத்தால் கடைசி நிலை மட்டும் இறங்கும். தரவு வரம்புள்ள இணைப்பில் இது பெரிய மிச்சம். உங்கள் கணினியால் தாங்க முடியாது என்றால் ஆவணங்கள், மொழிபெயர்ப்பு, வழுச் சோதனை மூன்றுக்கும் பில்ட் தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பில்ட் வழிமுறையில் ஏதாவது ஒரு படி விடுபட்டிருக்கும், அல்லது பழையதாகியிருக்கும். பழகியவர்கள் கண்ணுக்கு அது தெரியாது. தடுக்கிய இடத்தை அப்போதே எழுதி வையுங்கள். அந்த ஆவணத் திருத்தமே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கலாம்.

6. எழுதும் முன் கேளுங்கள்

என் முதல் முயற்சியில் காற்புள்ளிச் சிக்கலைத் தீர்ப்பதோடு நிற்காமல், ஏற்றுமதிப் பகுதி முழுவதையுமே 600 வரியில் திருப்பி எழுதி, ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினேன். 9 நாள் கழித்து மூடப்பட்டது. அந்தப் பகுதியை வேறொருவர் ஏற்கெனவே மாற்றிக்கொண்டிருந்தார். வழுக்களையும் வேலைகளையும் பதியும் இஷ்யூ பட்டியலில் அது பெயரோடு எழுதியிருந்தது. மூடியவர் கனிவாகத்தான் எழுதினார். எனக்குத்தான் 4 மாதம் அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

கேட்பதற்கு நாலு வாக்கியம் போதும். வழு எது, எங்கே வருகிறது என்று நினைக்கிறீர்கள், எப்படிச் சரிசெய்ய உத்தேசம், எப்போதைக்குள் அனுப்புவீர்கள். “நான் உதவலாமா, என்ன செய்யட்டும்?” என்று மட்டும் எழுதினால், உங்களுக்கு வேலை தேடித் தரும் வேலையும் பராமரிப்பாளர் தலையில் விழும். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று தயங்கவேண்டாம்; சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கும் அது இரண்டாம் மொழியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். மாற்றம் 10 வரிக்குள் என்றால், பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பிவிடுவதும் சரிதான். மறுக்கப்பட்டாலும் இழப்பது ஒரு மாலைதான்.

7. மாற்றத்தை அனுப்புவது

ஃபோர்க்கின் மெயின் பிராஞ்ச்சில் (முதன்மைக் கிளை) வேலை செய்யாதீர்கள். வேலைக்கு ஒரு பிராஞ்ச் என்று வையுங்கள். இல்லாவிட்டால் மூலக் களஞ்சியத்தோடு சமன்செய்யும்போது எல்லாம் கலந்துவிடும்.

ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் ஒரே விஷயம். போகிற வழியில் கண்ட எழுத்துப்பிழை, அழகில்லாத மாறிப்பெயர் எதையும் தொடவேண்டாம். குறிப்பாக உங்கள் எடிட்டரைக் கவனியுங்கள்: சேமிக்கும்போது கோப்பு முழுவதையும் தானாக ஒழுங்குபடுத்தும் வசதியோ, வரிமுடிவுக் குறியை மாற்றும் வசதியோ இருந்தால், 3 வரி மாற்றம் 900 வரியாகத் தெரியும். அனுப்பும் முன் மாறிய வரிகளைக் காட்டும் ‘டிஃப்’ எடுத்து, ஒவ்வொரு வரியும் நீங்கள் வேண்டுமென்றே மாற்றியதுதானா என்று படியுங்கள்.

கமிட் செய்தியின் முதல் வரி 50 எழுத்துக்குள், பிறகு ஒரு வெற்று வரி, பிறகு ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கம் என்பது பரவலான வழக்கம். என்ன மாறியது என்பதை நிரலே சொல்லும். ஏன் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். வழுவைத் திருத்தினால் கூடவே ஒரு டெஸ்ட்டும் எழுதுங்கள். உங்கள் திருத்தம் இல்லாமல் அது தோற்கவேண்டும், திருத்தத்தோடு வெல்லவேண்டும். என் 3 வரிக்கு டெஸ்ட் 14 வரி வந்தது. பராமரிப்பாளர் முதலில் படித்தது அதைத்தான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய நிரலை அனுப்பலாமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஜென்டூ, நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டங்கள் 2024-இல் கூடாது என்று முடிவெடுத்தன. வேறு சில திட்டங்கள் சொல்லிவிட்டுச் செய்யச் சொல்கின்றன. விதியைப் பாருங்கள். விதி அனுமதித்தாலும், உங்களால் வரிக்கு வரி விளக்க முடியாததை அனுப்பாதீர்கள். பராமரிப்பாளர் படித்துக் கருத்துச் சொல்லும் ரிவ்யூவில் வரும் முதல் கேள்வியிலேயே நின்றுபோவீர்கள்.

எண்ணிக்கைக்காக அனுப்புவதும் வேண்டவே வேண்டாம். 2020 அக்டோபரில், கோரிக்கைகள் அனுப்பியவர்களுக்குப் பரிசளித்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டி-ஷர்ட்டுக்காக, ‘ரீட்மி’ கோப்பில் ஒரு சொல்லை மாற்றிய கோரிக்கைகள் வந்து குவிந்தன. கடைசியில், தாங்களாக முன்வரும் களஞ்சியங்களுக்கு மட்டும் என்று நிகழ்ச்சியின் நடுவிலேயே விதியை மாற்றவேண்டி வந்தது. அவற்றையெல்லாம் உட்கார்ந்து மூடியவர்களும் நம்மைப் போலச் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்கள்தான்.

8. காத்திருக்கும் காலம்

அனுப்பியதும் தானியங்கிச் சோதனைகள் ஓடாமல் நிற்பதைப் பார்ப்பீர்கள். முதல்முறை பங்களிப்பவர் என்றால், பராமரிப்பாளர் ஒப்புதல் கொடுத்த பிறகே கிட்ஹப்பில் அவை ஓடும். ஏதோ உடைந்துவிட்டது என்று மூடித் திறக்காதீர்கள்.

பிறகு அமைதி. எவ்வளவு நாள்? கர்னலின் வழிகாட்டுதல் குறைந்தது ஒரு வாரம் பொறுத்த பிறகே நினைவூட்டச் சொல்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் சிறு திட்டத்துக்கு நான் 2 வாரம் கொடுக்கிறேன். நினைவூட்டல் ஒரே வரியில் இருக்கட்டும். வெளியீட்டுக்கு முந்திய உறைநிலைக் காலமா என்றும் பாருங்கள். கர்னலில் புதியவற்றை ஏற்கும் சாளரம் 2 வாரம்தான் திறந்திருக்கும், அதன்பின் ஏறத்தாழ 7 வாரம் திருத்தங்கள் மட்டும். க்னோம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளியாவதால், அதற்கு முந்திய வாரங்களில் புதிய வசதிகளுக்கு இடமில்லை.

அவசரப்படுத்துவது உங்களுக்கே எதிராகத் திரும்பும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் பின்கதவு (ரகசிய நுழைவழி) ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்தவர் 2 வருடத்துக்குமேல் நல்ல பங்களிப்பாளராக நடித்தவர். சோர்ந்திருந்த தனியொரு பராமரிப்பாளரை, ஏன் இவ்வளவு தாமதம் என்று பல பெயர்களில் வந்து நெருக்கியதும் அந்தக் கதையில் உண்டு. அதன்பிறகு, அழுத்தம் கொடுக்கும் புதியவரையும், மனிதர் படிக்க முடியாத, விளக்கமில்லாத பைனரிக் கோப்புகளையும் பராமரிப்பாளர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

ரிவ்யூ வரும்போது மொழி சுருக்கமாக, சில நேரம் வறட்சியாக இருக்கும். ‘நிட்’ என்று தொடங்கினால் சிறு திருத்தம். ‘எல்ஜிடிஎம்’ என்றால் தனக்குச் சரியாகப் படுகிறது என்று பொருள். 12 குறிப்பு வந்தால் 12 தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் உங்கள் நிரலை 12 இடத்தில் நின்று படித்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் செய்துவிட்டேன் என்றோ, ஏன் செய்யவில்லை என்றோ பதில் எழுதுங்கள். ரீபேஸ் செய்யச் சொன்னால் (உங்கள் மாற்றத்தைத் திட்டத்தின் இப்போதைய நிலைமேல் எடுத்து வைப்பது) அதே பிராஞ்ச்சில் செய்து அனுப்புங்கள், புதிய புல் ரிக்வெஸ்ட் திறக்கவேண்டாம்; திறந்தால் அதுவரை நடந்த உரையாடல் பழைய இடத்திலேயே தங்கிவிடும். ரீபேஸுக்குப் பிறகு, பழையதன்மேல் எழுதும் ‘ஃபோர்ஸ் புஷ்’ தேவைப்படும், உங்கள் சொந்த பிராஞ்ச்சில் அது ஆபத்தில்லை.

தொடர முடியாத சூழல் வந்தால், வேலையோ வீடோ இழுத்துக்கொண்டால், “என்னால் இதை முடிக்க முடியவில்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம்” என்று எழுதிவிட்டு விலகுங்கள். சம்பளமில்லாமல் வந்தவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. சொல்லாமல் போனால் மட்டும், அந்த வழு உங்கள் பெயரில் பூட்டிக்கிடக்கும்.

9. எனக்கு ஆன கணக்கு

கடைசி முயற்சி, அதாவது சேர்ந்தது, மொத்தம் 7 வாரம் எடுத்தது. வழுவைச் சுருக்கியது ஒரு மாலை, நிரலும் டெஸ்ட்டும் ஒரு மாலை, பில்ட் அமைத்தது மூன்று மாலை, ரிவ்யூவுக்குப் பதில் எழுதியது நாலைந்து அரைமணி நேரங்கள். கூட்டினால் 12 மணி நேரத்துக்கு மேல் போகாது, மீதியெல்லாம் காத்திருப்பு. கையிலிருந்து பணம் எதுவும் செலவாகவில்லை. பங்களிக்கப் பதிவுக்கட்டணம் வேண்டும், சான்றிதழுக்குப் பணம் வேண்டும் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். திறமூலத் திட்டத்துக்கு நிரல் அனுப்ப அப்படி எந்தக் கட்டணமும் கிடையாது.

வாரத்துக்கு 2 மணி நேரம் என்றால் முதல் பங்களிப்புக்கு 2 மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2 மணி நேரமும் ஒரே நாளில் இருந்தால் நல்லது. தினமும் 15 நிமிடம் என்று பிரித்தால், நேற்று எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போய்விடும்.

10. சேர்ந்த பிறகு

‘மெர்ஜ்டு’ என்று ஊதா நிறத்தில் தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் செய்யவேண்டியவை சில உண்டு. பிராஞ்ச்சை அழித்துவிட்டு, ஃபோர்க்கை மூலக் களஞ்சியத்தோடு சமன்செய்யுங்கள். நன்றி என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கணினியில் நிறுவியிருக்கும் பதிப்பில் மாற்றம் உடனே வந்துவிடாது. அடுத்த வெளியீடு வரவேண்டும், அதை உங்கள் இயங்குதளம் எடுத்துக்கொள்ளவேண்டும். என்னுடையது கைக்கு வர இன்னும் 3 மாதம் ஆனது.

வெளியீட்டுக்குப் பின் ஒரு மாதம் இஷ்யூ பட்டியலைக் கவனித்துக்கொண்டிருங்கள். நீங்கள் தொட்ட இடத்தில் புதிதாக ஏதாவது உடைந்தால், அதைப் பற்றி அதிகம் தெரிந்தவர் இப்போது நீங்கள்தான். எனக்கு அப்படி ஒன்று வந்தது. குறிப்புக்குள் மேற்கோள்குறி இருந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். சோதித்துப் பார்த்தேன், உடைந்தது. அந்தத் திருத்தம் 2 வரி. 5 நாளில் சேர்ந்துவிட்டது.